வெந்நீரில் போட்ட கவண்

ஒரகடம்,
மார்கழி மாதம்.

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா தாண்டவராயன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் புருஷோத்தமனும் உடம்பளவில் சுகம், மனதளவில் யார் எப்படி என்று இதைப் படித்து முடித்தால் உனக்கே தெரியும். அந்தப் பனியில் நீ காதுக்கும் காலுக்கும் கம்பளி போட்டுக்கொண்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், கோபமாக இருக்கிற நாளிலும் நினைக்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் உங்கள் லடாக் மலையில் அந்த லே ஊரில் சிக்னல் போய்விடுகிறது, கத்தின கத்தல் மட்டும் எனக்கு மிச்சம். என்னை எவரும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கவில்லை, பஸ் போர்டையும் உரமூட்டையையும் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து இது. ஆகையால் எழுதினதை அடிக்க மாட்டேன், நீயும் நடுவில் நிறுத்தாமல் படி.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் உன்னோடு ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிற திபெத்துக்காரப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாய் என்று ஐப்பசியில் சொன்னாய், நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் அம்மா தன் கையால் எனக்காகப் பின்னியது என்று ஒரு கவணை அனுப்பி, அதோடு ஒரு சீட்டு வைக்கிறாய். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் அப்பா, தை அறுப்புக்கு அவர்கள் வந்து பேசுவார்கள், பிடிக்காவிட்டால் கவணைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நான் புரிந்துகொள்வேன் என்று. ஏன் கவி, சம்பந்தம் பேசுகிற முறையா இது? பெரியவர்கள் நாலு பேர் வர வேண்டாமா, தாம்பாளம் வேண்டாமா? கல்லெறிகிற கயிற்றை அனுப்பிச் சம்பந்தம் கேட்டதாக இந்த வட்டாரத்தில் எவனிடமாவது சொன்னால் வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரிப்பான். உன் அம்மாவிடமே கேட்டேன், சிரித்துவிட்டாள்.

அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். கறுப்பும் வெள்ளையுமாக வளைந்து வளைந்து கட்டுவிரியன் மாதிரிப் பின்னல், ஒரு முனையில் விரலை நுழைக்க ஒரு வளையம், நடுவில் கல் வைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு மடி, மறுமுனை மெலிந்து மெலிந்து எலிவால் மாதிரி முடிகிறது. பின்னல் நேர்த்தியாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாற்றம்! ஆடு, புகை, பழைய வெண்ணெய் எல்லாம் சேர்ந்து உறையைப் பிரித்த உடனே வீடு முழுக்க ஏறிவிட்டது. நாம் மாடு வைத்திருக்கிறவர்கள், சாணி நாற்றம் எனக்குப் புதிதில்லை, இது வேறு ஜாதி நாற்றம். காலண்டர் ஆணியில் உன் அம்மா அதை மாட்டிவைத்தாள், எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சோறு இறங்கவில்லை. புருஷோத்தமன் நைட் ஷிப்டு முடித்து வந்து படுத்தவன் எழுந்து உட்கார்ந்து, இன்னாபா இது, பக்கத்துல ஆடு பட்த்துகினு கீற மாதிரியே கீது என்று பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன், நம் சிவப்புப் பசு ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மாட்டுக்கே பிடிக்காத சம்பந்தம் எனக்கு எப்படிப் பிடிக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன், திருப்பி அனுப்பிவிடுவது.

ஆனால் அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது, அது உனக்கும் தெரியும். வேண்டாம் என்று அனுப்புகிற பொருளாக இருந்தாலும் சுத்தமாகத்தான் போக வேண்டும். உன் அம்மா மார்கழிப் பூஜைக்கு மணிமங்கலம் கோயிலுக்குப் போயிருந்த காலையில் வாசல் அடுப்பில் அண்டாவை வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் சீயக்காய்த் தூளைக் கொட்டிக் கவணை அதில் போட்டேன். புது வடக்கயிறு வாங்கினால் அதை ஊறப்போட்டு, அடித்துத் துவைத்து, இரண்டு மரத்துக்கு நடுவில் இழுத்துக் கட்டித்தானே பழக்குவோம், அதே கைதான் இதற்கும் போயிற்று. கோலால் கிண்டினேன், தண்ணீர் கறுப்பாக வந்தது, வரட்டும் என்று இன்னும் கிண்டினேன். எடுத்துப் பார்த்தால் கவி, என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. முழங்கை நீளம் குறைந்துபோய் விறைத்துக்கொண்டு கருவாடு மாதிரி நிற்கிறது. மடி சுருங்கி ஒரு எலுமிச்சம்பழம் கூட உட்காராத அளவுக்குக் குவிந்துவிட்டது. அண்டாவுக்கு அடியில் கிடந்த பக்கம் அதிகமாகச் சுருங்கி, மேலே மிதந்த பக்கம் கொஞ்சம் பிழைத்து, கவணின் இரண்டு கயிறும் சமமில்லாமல் நொண்டி. நடுவிரலுக்குப் போட்டிருந்த வளையத்தில் சுண்டுவிரல் போவதே பாடு.

கோயிலிலிருந்து வந்த உன் அம்மா வாசலிலேயே பிரசாதத் தொன்னையோடு நின்றுவிட்டாள். அய்யோ, இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க, சுடுதண்ணியே காட்டாதீங்கன்னு பொண்ணு போன்ல தலபாடா அடிச்சிகிச்சே, உங்க காது எங்க மேயப் போயிருந்திச்சு என்றாள். எனக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். நான் போன எடுத்துகினு வந்து காதுல வெச்சேன், அந்தப் பேச்சையே எடுக்காதடின்னு எய்ந்து போனது யாரு, எதுத்த வூட்டுக்காரரா என்றாள். கம்பளியும் ரோமமும் வெந்நீரில் சுருங்கும் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும், இந்த வெயிலில் கம்பளி கட்டினவன் யார்? தென்னைநார் சுருங்குகிறதா, சணல் சுருங்குகிறதா? வெந்நீர் தாங்காத கயிற்றைப் பின்னியவர்கள் மீதுதான் நான் இன்னும் குறை சொல்வேன்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடத்தைப் பார். வேண்டாம் என்று ஒரு பொருளைத் திருப்புவது ஒரு பேச்சு, அது என் உரிமை. கெடுத்துவிட்டுத் திருப்புவது வேறு பேச்சு. அந்த அம்மாள் தன் ஆட்டு ரோமத்தை எடுத்து, திரித்து, ஒரு குளிர்காலம் உட்கார்ந்து பின்னியதாக நீ எழுதியிருக்கிறாய். அதைக் கருவாடாக்கி அனுப்பினால் உன் அப்பனைப் பற்றி அங்கே என்ன நினைப்பார்கள்? மறுப்பதற்கும் ஒரு மரியாதை வேண்டும். ஆகையால் பழையபடி ஆக்கி, அதற்குப் பிறகு திருப்பி அனுப்புவது என்று வைராக்கியம் கொண்டேன். உன் அம்மா குளிக்கப் போன நேரம் அவள் போனை எடுத்து நீ பேசி அனுப்பியதைக் கேட்டேன். பின்னால் அந்த அம்மாள் குரலும் கேட்டது, சளி பிடித்த குரல், அவர் சொல்லச் சொல்ல நீ தமிழில் சொல்கிறாய். புதுக் கவண் விறைப்பாக இருக்கும், இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டே வேலை பார்க்க வேண்டும், உடம்புச் சூட்டில்தான் இளகும், மடியில் கல் வைத்துத் தொங்கவிட வேண்டும், தினமும் உருவிவிட்டுச் சின்னக் கல்லாக எறிந்து பழக்க வேண்டும், ஆள் கைக்கு அது பழகாது, அதற்கு ஆள் கைதான் பழகும் என்று. கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காவிட்டாலும் கட்டினேன். வேட்டிமேல் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு களை பிடுங்கினேன், வரப்பு வெட்டினேன், மாடு கறந்தேன். வேர்வையில் அந்த ரோமம் ஊறல் எடுத்து இடுப்பைச் சுற்றித் தடிப்புத் தடிப்பாக வந்துவிட்டது. விதை மருந்து விஷயமாகச் சுங்குவார்சத்திரம் போக வேண்டியிருந்தது, அவிழ்க்க மனசில்லாமல் கட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். கம்பெனிக்குப் போகிற பெண்கள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக முன்பக்கம் நகர்ந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், தாத்தா சட்டைக்குள்ள எதயோ வளக்குறாருடி என்றாள். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாள். இந்த வயதில் இதெல்லாம் கேட்கத்தான் உன்னை நர்சிங் படிக்க வைத்தேன். வீட்டில் இருக்கிற நேரம் வேப்பமரத்துக்கும் போர்வெல் குழாய்க்கும் நடுவில் அதை இழுத்துக் கட்டி மடியில் அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்டேன். உன் அம்மா சட்னி அரைக்க மிக்சிதான் வைத்திருக்கிறாள், ஆனாலும் குழவியை எடுத்ததற்கு ஒரு பாட்டு. வளையத்தில் மரமுளையை அடித்து, ஈரத்துணி சுற்றி, நாளுக்கு ஒரு நூல் அளவு பெரிதாக்கினேன். அது அசைந்து கொடுப்பதற்குள் என் பொறுமை போயிற்று.

எறிந்து பழக்குவது அதைவிடக் கேவலம். நம் நிலத்துக்குக் கிழக்கே மதிலுக்கு அந்தப் பக்கம் புதுக் கார் நிறுத்துகிற யார்டு போட்டார்களே, நீ போனபோது மண்ணடித்துக்கொண்டிருந்தார்கள், இப்போது கண்ணுக்கு எட்டின வரை வெள்ளையும் சிவப்புமாகக் கார்தான், கண்ணாடியெல்லாம் வெயிலில் பளபளவென்று. மதில் ஓரம் லாரிக்காரர்கள் நின்று ஒதுங்கி ஒதுங்கி நம் வரப்பில் கால் வைக்க முடியாத மூத்திர நாற்றம், கேண்டீன் கழிவைக் கான்ட்ராக்ட்காரன் மூலையில் கொட்டிப் புளித்த சாம்பார் வாடை, அதைத் தின்ன வருகிற புறாக்கூட்டம் கம்பெனிக் கூரைக்கடியில் குடியிருந்துகொண்டு, சோறு முடிந்ததும் நேராக நம் கதிரில் இறங்குகிறது. இது பால் பிடிக்கிற சமயம், புறா உட்கார்ந்து உருவினால் பதர்தான் மிஞ்சும். தகரம் தட்டிப் பார்த்தேன், நாளெல்லாம் லாரி ஹாரன் கேட்டு வளர்ந்த புறா தகரத்துக்கா பயப்படும், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டாசுக்குக் கம்பெனியில் தடை. சரி, பழக்குகிற கல்லைப் புறாப் பக்கம் எறிவோம் என்று மடியில் வைத்துச் சுழற்றினேன். இரண்டு கயிறும் நொண்டி அல்லவா, விடுகிற நேரத்தில் வளையம் விரலைக் கடித்துக்கொண்டு வழுக்காமல் நின்றது, வலப்பக்கம் போக வேண்டிய கல் தலைக்கு மேலே எழும்பி மதிலைத் தாண்டிப் போய்விட்டது. டங்கென்று ஒரு சத்தம். செக்யூரிட்டி கூண்டின் தகரக் கூரை, நல்லவேளை.

அங்கே காவலுக்கு இருக்கிற நம்பிராஜன் திருநெல்வேலிக்காரர், விசிலை ஊதிக்கொண்டு மதில்மேல் தலையை நீட்டினார். அண்ணாச்சி, என்ன செய்யுதிய, கல்லு எங்க போவுதுன்னு உங்களுக்குந் தெரியல, அதுக்குந் தெரியல, ஒரு கண்ணாடி ஒடஞ்சாலும் எஞ் சோத்துல மண்ணுலா என்றார். நான் என்ன சொல்வேன், கயிறு சரியில்லை என்றேன். எங்கிட்டு வாங்குனிய என்று கேட்டார். மகளைப் பெண் கேட்டு வந்தது என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அப்பம் கைக்கு வார வரைக்கும் காருக்கு முதுகக் காட்டி நின்னு எறியுங்க, சம்பந்தத்துல சேதாரம் வரப்பிடாது பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே அந்த வார்த்தை காதில் விழுந்தது. சம்பந்தமாம்.

அதற்குப் பிறகு மதிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். எறிந்த கல் என் காலிலேயே விழுந்தது, ஏரிப்பக்கம் போயிற்று, ஒருமுறை உன் அம்மா காயப்போட்ட புளியில் விழுந்தது. நடுவிரல் தோல் உரிந்தது, துணி சுற்றிக்கொண்டேன். ஒருநாள் சாயங்காலம், வெறுத்துப்போய் அன்றைக்கு இதுதான் கடைசி என்று ஒரு கல்லை வைத்துச் சுழற்றினேன், எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, வால்முனை சாட்டை சொடுக்கின மாதிரிச் சடீரென்று காற்றை அறுத்தது. கல் புறாக்கூட்டத்துக்கு முன்னால், நான் நினைத்த வரப்பில் விழுந்தது. ஒரு பறவைக்கும் அடி இல்லை, கூட்டம் மொத்தமும் மேலே எழும்பியது. ஆட்டைக் கூட அடிக்காமல் அதற்கு முன்னால் கல்லைப் போட்டுத்தான் அங்கே மேய்க்கிறவர்கள் திருப்புவார்கள் என்று நீ பேசி அனுப்பியதில் சொன்னாயே, அது அப்போது விளங்கியது. உன் அம்மா வாசலிலிருந்து கைதட்டினாள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். சத்தம் ஒன்றே போதும் என்று ஆகிவிட்டது. இப்போது அந்தப் புறாவெல்லாம் யார்டில் இறங்கிப் புதுக் கார்களின்மேல் எச்சம் போடுகிறது, துடைக்கிற பிள்ளைகள் வாளியோடு என்னைத் திட்டுகிறார்கள். அதைப் பார்த்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அது என் பயிர் இல்லை.

கவண் பழகிவிட்டது, இனி அனுப்பிவிட வேண்டியதுதான் என்று போன வெள்ளிக்கிழமை பழைய துணியும் சணலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுருங்கின நீளம் முழுதும் திரும்பவில்லை, ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. உன் அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், உங்க வேர்வைய எதுக்குங்க அம்மாந் தொலவுக்குப் பார்சல் போட்றீங்க என்றாள். என்ன உளறுகிறாய் என்றேன். கட்டி அவுத்த வேட்டிய எந்தக் கடைக்காரனாச்சும் திருப்பி எட்த்துக்குவானா, மோந்து பாருங்க என்றாள். நான் பார்க்கவில்லை. புருஷோத்தமன்தான் வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தான். ஆடு போயிட்ச்சுபா, இப்ப உன் வாசனதான் அடிக்குது, ரெண்டுல எது பரவால்லன்னு கேக்காத என்றான். எனக்கு வந்த கோபத்தில் இருவரையும் வெளியே போகச் சொன்னேன். அவர்கள் போன பிறகு முகர்ந்து பார்த்தேன். உண்மைதான். அந்த நாற்றம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை, என் நாற்றம் எப்போது ஏறியது என்றும் தெரியவில்லை. என் இடுப்புக்கு வளைந்து, என் விரலுக்குத் தேய்ந்து கிடக்கிறது. நான் கட்டின துணியை நம் வீட்டில் இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை, இதை எப்படி அந்த அம்மாளுக்குத் திருப்பி அனுப்புவது? சணலைச் சுற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

இதனால் நான் ஒப்புக்கொண்டேன் என்று ஆஸ்பத்திரி முழுக்க மிட்டாய் கொடுக்காதே. கவணைத் திருப்ப முடியவில்லை, அவ்வளவுதான். நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதைக் கயிற்றிடம் கேட்க முடியாது. உன்னை ஆண்டுக்கு ஒரு முறையாவது இங்கே அனுப்புவானா, உனக்குப் பிள்ளைப்பேறு வந்தால் அந்தப் பனியில் யார் பார்ப்பார்கள், நானும் உன் அம்மாவும் படுத்துவிட்டால் நீ வந்து சேர எத்தனை மலை தாண்ட வேண்டும், இதற்கெல்லாம் அவன் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், நீ நடுவில் மொழிபெயர்க்கும்போது ஒரு வார்த்தையும் இனிப்பாக்கக் கூடாது. அவன் பெயர் வாயில் நுழையவில்லை என்றேன், உன் அம்மா, ஜம்யாங்னு சொல்ல வர்லன்னா ஜம்புலிங்கம்னு கூப்ட்டுக்கோங்க, நான் அப்டித்தான் கூப்டப் போறேன் என்கிறாள். அது மரியாதை இல்லை. ஒருவனைக் கூப்பிடுவதானால் அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், வயலில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன், இன்னும் சரியாக வரவில்லை. உப்புப் போட்டு வெண்ணெய் போட்ட டீயெல்லாம் இந்த வீட்டு அடுப்பில் ஏறாது, அதையும் இப்போதே சொல்லிவிடு. அந்த அம்மாளுக்கு இங்கத்து வெயில் ஆகாது, தை கடைசிக்குள் வந்தால் தாங்கும். அப்போது அறுப்பும் இருக்கும்.

இதோடு ஒரு கதிர் வைத்திருக்கிறேன், கவர் அழுத்தத்தில் மணி உதிர்ந்திருந்தால் கவரிலேயே தேடிப் பார். உள்ளே இன்னும் பால்தான், முற்றவில்லை, தின்னாதே. புறா வாய் படாத கதிர் என்று அந்த அம்மாளிடம் காட்டு. வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்புவதில்லை என்பதற்காக வைத்தது, வேறொன்றும் நினைக்க வேண்டாம். இரவில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, அந்த ஊரில் ஈரத்தலையோடு வெளியே வராதே, சம்பளம் வந்ததும் முதலில் நல்ல செருப்பு வாங்கு. நீ தீர்க்காயுசாக, கைகால் சுகத்தோடு, நினைத்தது நடந்து நன்றாக இருக்க உன் அம்மாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதே. வெந்நீர் விஷயத்தை அங்கே யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. விரல் வளையம் எனக்குக் கொஞ்சம் இறுக்கம் என்று மட்டும் அந்த அம்மாளிடம் சொல். அளவைக் கடிதத்தில் எழுத முடியாது, நேரில் வந்து எடுத்தால்தான் சரியாக வரும் என்றும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. தாண்டவராயன்